மார்க்கிரட் அம்மையார் இளைப்பாறிய நாள்

கடலோரச் சதுப்பில் தொடங்கி மலையடிவாரம் வரையில் நீண்டு கிடக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கின்மேல் மாலைப்பொழுது மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் வெந்து கிடந்த வானம், வழக்கம்போலப் பிற்பகலில் முகங் கருத்து, இடித்து முழங்கி, ஒரு பாட்டம் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஒன்றும் அறியாதது போல வெளுத்திருந்தது. துறைமுகத்திலே பளுதூக்கிகள் கப்பல்களின் வயிற்றிலிருந்து சரக்குப் பெட்டகங்களை எடுத்தெடுத்து அடுக்கிக்கொண்டிருக்க, சா ஆலம் நகரத்துத் தொழிற்சாலைகள் பகல்முறை ஆட்களை வெளியே விட்டு இரவுமுறை ஆட்களை உள்ளே இழுத்துக்கொண்டிருக்க, நெடுஞ்சாலைகளில் மகிழுந்துகள் நகர்ந்தும் நின்றும் நின்றும் நகர்ந்தும் பெருமூச்செறிய, முன்னாளில் செங்கல் சுட்ட களமாதலால் வெள்ளையர் இட்ட பெயரையே இன்றளவும் சுமந்து நிற்கும் பிரிக்பீல்ட்சில் பூக்கடைகளும் உணவுக்கடைகளும் விளக்கேற்றத் தொடங்கியிருந்தன. கற்றறிந்த நண்பரே, இந்தப் பள்ளத்தாக்கில் ஓடாதவர் எவருமிலர். ஓடுகிற ஒருவரை நிறுத்தி எதற்காக ஓடுகிறீர் என்று வினவினால், பிற்காலத்தில் ஆற அமர உட்கார்ந்திருப்பதற்காக என்று விடை தந்துவிட்டு, நின்று பேசிய நேரத்தையும் ஈடுகட்டுவதற்காக முன்னிலும் விரைந்து ஓடுவார்.

அவ்வாறு ஓடியவர்களுள் ஒருவராகிய மார்க்கிரட் அம்மையார், அன்று மாலை துறைமுகத்திலிருந்து நகர் நோக்கிப் புறப்பட்ட தொடர்வண்டியில், மடியில் ஒரு பூங்கொத்தும் கையில் ஒரு கைப்பேசியுமாக அமர்ந்திருந்தார். கப்பல் முகவர் நிறுவனமொன்றில் சரக்கு அனுப்பும் பிரிவின் தலைவியாய் விளங்கி, புயலென்றும் வேலைநிறுத்தமென்றும் பாராது பெட்டகங்களை உரிய கப்பலில் ஏற்றியனுப்பிப் பெயர் பெற்றவர் அவர். அந்தக் கைப்பேசி சோறுண்ணும்போது ஒலித்தது, குளிக்கும்போது ஒலித்தது, ஞாயிறுதோறும் திருச்சபையில் ஆயர் அருளுரையைத் தொடங்கும் வேளை பார்த்துத் தவறாமல் ஒலித்தது. அம்மையாரும் தவறாமல் எழுந்து வெளியே போய்விடுவார். அருளுரையின் முதலும் முடிவும் அவருக்குத் தெரியும். நடுவை அவர் அறியார். அகவை அறுபது நிறைந்து, அந்தப் பணியினின்று விடைபெறும் நாள் இன்றுதான். மடியிலிருந்த பூங்கொத்து உடன் பணியாற்றியோர் தந்த பிரிவுப் பரிசு.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இக்கதையின் அச்சாணி அதுவே. யாழ்ப்பாணத்திலிருந்து தொடர்வண்டித் துறைக்கும் அரசு அலுவல்களுக்குமாகக் கப்பலேறி மலாயா வந்து சேர்ந்த தமிழரின் வழியில் பிறந்தவர் மார்க்கிரட் அம்மையார். அம்மக்கள் பணி ஓய்வு பெறுவதை 'இளைப்பாறுதல்' என்றே சொல்வர். ஓய்வு பெற்ற ஆசிரியர் அவர்களுக்கு இளைப்பாறிய ஆசிரியர். அம்மையாரின் தந்தையார் கிள்ளான் தொடர்வண்டி நிலையத்தில் எழுத்தராய் இருந்து ஓய்வு பெற்றபோது, பாரம் சுமந்து களைத்தவரெல்லாம் தம்மிடம் வருக, இளைப்பாறுதல் தருவேன் என்று இறைமகன் விடுத்த அழைப்பைத் திருமறையிலிருந்து பொன்னெழுத்தில் எழுதிக் கண்ணாடிச் சட்டமிட்டு நண்பர்கள் பரிசளித்தார்கள். தந்தையார் அதன் கீழே சாய்வு நாற்காலியைப் போட்டுச் சாய்ந்தார். பள்ளிச் சிறுமியாயிருந்த மார்க்கிரட் அந்தச் சட்டத்தையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்து, ஆண்டவர் தருவதாகச் சொன்னது ஓய்வூதியத்தைத்தான் என்று ஐயமற முடிவு செய்துகொண்டாள். வளர்ந்தபின் அந்தப் பிழையை எண்ணி எல்லாருடனும் சேர்ந்து அவரும் சிரித்ததுண்டு. ஆனால் வாயால் சிரித்துவிட்டாரே ஒழிய, வாழ்க்கையால் அதனைத் திருத்திக்கொள்ளவில்லை. ஆண்டவரோடு அமர்ந்திருப்பதும், கணவரோடு அமர்ந்திருப்பதும், ஏன், தம்மோடு தாமே அமர்ந்திருப்பதும் இளைப்பாறிய பிறகு என்றே ஒத்திவைத்து வந்தார்.

கணவர் வீரசிங்கம் நில அளவைத் துறையில் வரைபடம் வரைந்தவர். மயிரிழை போன்ற ஆற்றுக் கோடுகளை இமை கொட்டாமல் இழுத்த அந்தக் கண்களை, உள்ளழுத்தம் மிகுந்து பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிவரும் நோய் பற்றியது. வீட்டின் வாயில்கள் ஒவ்வொன்றாய் அடைபட, கடைசியில் ஒரு சிறு பலகணி மட்டும் திறந்திருப்பது போல, நேர் எதிரே உள்ளது மட்டும் அவருக்குத் தெரிந்தது. அதுவும் நெடுங்காலம் நில்லாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நோயின் கடுமையை வீரசிங்கம் மனைவியிடம் மறைத்தே வந்தார். ஒரு நாள் காலையில் பணிக்கு விரைந்துகொண்டிருந்த அம்மையார் தற்செயலாய்த் திரும்பிப் பார்த்தபோது, தாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்சின் நடைபாதையில் பார்வையற்றோர்க்கெனப் பதித்திருக்கும் புடைப்பு வரிகளோடு கூடிய மஞ்சள் ஓடுகளின்மேல் கணவர் கால்களால் தடவித் தடவி வருவதைக் கண்டார். ஓடிப்போய்க் கையைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று அவா எழுந்தது. அந்நேரம் பார்த்துக் கைப்பேசி ஒலித்தது.

அன்று மாலை அம்மையார் அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்.

"இஞ்சாருங்கோ, நான் இளைப்பாறின உடனை தஞ்சோங் அராப்பானுக்குப் போவம். பின்னேரத்திலை கடற்கரையிலை இருந்து பொழுது படுறதைப் பாப்பம்."

"என்ரை கண் இருக்கேக்கையே கூட்டிக்கொண்டு போம்," என்று வீரசிங்கம் சிரித்தார்.

தஞ்சோங் அராப்பான் என்பது துறைமுகத்தை ஒட்டிய கடல்முனை. மலாய்மொழியில் நம்பிக்கை முனை என்று பொருள். அம்மையாரின் அலுவலகத்துக்குக் கூப்பிடு தொலைவில் இருந்த அந்த இடத்தில், நாள்தோறும் ஞாயிறு கடலில் இறங்குவதைக் காண ஊரெல்லாம் கூடும். அம்மையார் ஒரு நாளும் கண்டதில்லை. அன்றுமுதல் வீரசிங்கம் அந்த நாளுக்காகவே தம் கண்களைச் சேமித்து வைப்பவர் போல வாழ்ந்தார். தொலைக்காட்சியைக்கூட நிறுத்திவிட்டார்.

இத்துணை காத்திருந்த நாள் இன்று வந்திருக்க, தொடர்வண்டியில் அமர்ந்திருந்த அம்மையாரின் முகத்தில் மகிழ்ச்சியைக் காணோமே என்று நீர் கேட்கலாம். நண்பகலில் பிரிவு விருந்து முடிந்தபின், நிறுவனத்தின் இளந்தலைவனான லோகன் அவரைத் தனியே அழைத்து, இன்னும் இரண்டாண்டு மட்டும் இருந்து வழிகாட்டுமாறு வேண்டினான். எண்ணிச் சொல்கிறேன் என்று சொல்ல நாவெடுத்த அம்மையார், தம் வாய் சரி என்று சொல்லிவிட்டதைத் தாமே வியப்போடு கேட்டார். பொருள் ஆசை அதற்கு ஏதுவன்று. கைப்பேசி ஒலிக்காத வீட்டில் மார்க்கிரட் என்பவள் யார் என்று எண்ணிப் பார்க்கையில் எழுந்த அச்சமே அப்படிப் பேசிற்று. ஓய்வை ஏங்கி ஏங்கி நாடியவர், அது கைக்கெட்டியபோது நெருப்பைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். இதனைக் கணவரிடம் எப்படிச் சொல்வது? வண்டி கிள்ளானைக் கடந்தது, சா ஆலத்தைக் கடந்தது. சொற்கள் மட்டும் அமையவில்லை. அமுதவள்ளியிடமிருந்து அழைப்பு வந்த வண்ணமிருந்தது. திருச்சபைக்கு அண்மையில் வந்து சேர்ந்த பூக்கடைக்காரப் பெண் அவள். அம்மையார் எடுக்கவில்லை. திருச்சபையாரின் குழுச் செய்திகளையும் அவர் ஒலியடக்கி வைத்து நெடுநாளாகிறது. ஆதலால், தெரியாத்தனமாய்க் கணவர் அன்று காலையில் செய்துவைத்த வேலையை அவர் அறிந்திருக்கவில்லை.

வீரசிங்கம் எழுத்துகளைக் காண மாட்டாதவராகையால் குரலாகவே அந்தக் குழுவுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். மகிழ்ச்சியில் அவர் குரல் நடுங்கியது. "ஆண்டவற்றை கிருபையாலை மார்க்கிரட் இண்டைக்கு இளைப்பாறிட்டா. பின்னேரம் ஆறு மணிக்கு வீட்டிலை ஜெபம். எல்லாரும் கட்டாயம் வாங்கோ." இதனைச் சொல்லிக் கைப்பேசியை வைத்துவிட்டுப் பலகாரம் வாங்கக் கிளம்பிவிட்டார்.

நிலையத்தில் இறங்கி, தெருவிளக்குகளின் கீழே நடந்து, தம் அடுக்ககத்தின் படிக்கட்டை அடைந்த அம்மையார் அங்கேயே நின்றுவிட்டார். படிக்கட்டின் அடியில் செருப்புகள் குவிந்து கிடந்தன. சுவரோரம் வெள்ளைப் பூவாலான பெரிய மலர்வளையம் ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வெள்ளையுடுத்த இருவர் தலைகுனிந்தபடி அவரைப் பாராமலே மேலேறிப் போனார்கள். மேல்தளத்திலிருந்து, பிரிந்த உயிருக்காகப் பாடும் இளைப்பாறுதல் பாட்டு இழுத்து இழுத்து இறங்கி வந்தது.

வீரசிங்கம் போய்விட்டார்.

அம்மையாருக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அதற்காகத்தான் அமுதவள்ளி அத்தனை முறை அழைத்தாள். அவர் எடுக்கவில்லை. பூங்கொத்து கைநழுவ, ஈரம் பாராமல் படிக்கட்டில் அமர்ந்துவிட்டார். கடற்கரை கண்ணில் தெரிந்தது. தாம் ஒரு நாளும் போகாத அந்தக் கடற்கரையில், வரைபடக் கோடுபோல மெல்லிய மனிதர் ஒருவர் தனியே உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது. அழவேண்டும் என்றிருந்தது, அழுகை வரவில்லை. ஆண்டவரே, ஒரே ஒரு மாலைப்பொழுது என்று மட்டும் உள்ளம் அரற்றியது. நெடுங்காலமாய் அவருடைய மன்றாட்டுகள் கப்பல் தலைவனுக்கு விடுக்கும் ஆணைகளை ஒத்திருந்தன: இதனை இறக்கும், அதனை ஏற்றும், இன்னதைத் தாழாமல் கொண்டு சேரும். இப்போது ஏற்றவும் இறக்கவும் ஒன்றுமில்லை. வெறுங்கையோடு ஆண்டவர் முன்னிலையில் அவர் அமர்ந்தது அதுவே முதல்முறை. கைப்பேசி மடியில் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது, அம்மையார் உணரவில்லை.

அப்போது மேலிருந்து ஓர் இருமல் கேட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளாய் விடியற்காலை தோறும் கேட்டுப் பழகிய இருமல்.

உயிர் மீண்டவராய்ச் சுவரைப் பற்றிக்கொண்டு மேலேறினார். வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் வெள்ளையுடை அணிந்தோர் நெருங்கி அமர்ந்திருக்க, நடுவே வீரசிங்கம் முகமலர்ச்சியோடு வீற்றிருந்தார். நேர் எதிரே உள்ளது மட்டுமே தெரியும் அந்தக் கண்களுக்குச் சுற்றியிருந்த வெள்ளையுடைகள் தெரியவில்லை; கண்ணீரும் தெரியவில்லை. வாசலில் நின்ற அம்மையாரை எவரும் காணவில்லை.

அமுதவள்ளி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அங்கிள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாம எப்படி இப்படி உக்காந்திருக்கீங்க?"

"அழ என்ன இருக்கு, பிள்ளை? கனகாலமாய் இதுக்காகத்தானே நான் காத்துக்கொண்டு இருந்தனான். அவவும் பாவம், நல்லாக் களைச்சுப்போனா. இனியாவது ஆறியிருக்கட்டும்."

கூடத்தில் இருந்தோர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். இவ்வளவு திடமான பற்றுறுதியை அவர்கள் கண்டதில்லை. ஆயர் கமலநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐயா, அம்மா கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று பணிவோடு கேட்டார்.

"காலமை தேத்தண்ணி குடிச்சுப்போட்டு, பின்னேரம் வந்திடுவன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவ."

இதைக் கேட்டதும் பெண்கள் வாய்விட்டு அழுதனர். "வந்துடுவேன்னு சொல்லிட்டுப் போனாங்களாமே!" என்று புலம்பிய அமுதவள்ளி, அழுகையினூடேயும் இவ்வூர்ப் பேச்சின் 'லா'வை விடாமல் சொன்னாள்: "ஆன்டி உக்காந்து நான் பார்த்ததே இல்ல லா. சர்ச்சுலகூட போன் வந்தா எழுந்து ஓடிடுவாங்க. வாரா வாரம் அவங்களுக்குன்னு மல்லிப்பூ கட்டி எடுத்துட்டு வருவேன். நின்னு ஒரு தடவ மோந்து பார்க்கக்கூட அவங்களுக்கு டைம் இல்லாமலே போச்சு."

உடல் இனிமேல்தான் வந்து சேரும் என்று எண்ணியிருந்த அவர்கள், மறைந்தவரைப் பற்றி நல்லதையே பேச வேண்டும் என்ற வழக்குக்கு அடங்கியே ஒவ்வொருவராய்ப் பேசினார்கள். அம்மையாரின் சுறுசுறுப்பைப் புகழ்ந்தார்கள், பொறுப்பைப் புகழ்ந்தார்கள். அவரோடு அமர்ந்து பேசிய ஒரு பொழுதை நினைவுகூர வல்லவர் மட்டும் அவர்களுள் ஒருவரும் இல்லை. தம் இறுதி வழிபாட்டைத் தாமே வாசலில் நின்று கேட்கும் பேறு எவருக்கு வாய்க்கும்? வாய்த்த அம்மையாரோ நாணத்தாலும் துயரத்தாலும் உள்ளே போக மாட்டாமல் கதவோரம் ஒதுங்கினார்.

அழுகையொலி மிகவே, வீரசிங்கத்தின் முகத்தில் மெல்லக் குழப்பம் படர்ந்தது. "ஏன் பிள்ளையள் இப்பிடி அழுறியள்? வயசு வந்தா எல்லாரும் இளைப்பாறத்தானே வேணும்? நான் ஏழு வருசத்துக்கு முன்னமே இளைப்பாறிட்டன். இப்ப நல்லாத்தானே இருக்கிறன்!"

அழுகை பாதியில் நின்றது. அந்நேரம் மார்க்கிரட் அம்மையார், "இஞ்சாருங்கோ, நான் வந்திட்டன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே அடியெடுத்து வைத்தார்.

அதன்பின் நிகழ்ந்ததை முறையாக எழுதுவதற்குச் செந்தமிழில் இடமில்லை. அமுதவள்ளி வீறிட்டாள். முதியவர் ஒருவர் நாற்காலியோடு பின்புறம் சாய்ந்தார். பேயை ஓட்டும் மன்றாட்டின் முதலடியை எவரோ தொடங்கியும்விட்டார். செய்தி தெளிவானபோது அழுகை சிரிப்பாயிற்று. சிரிப்பு மீண்டும் அழுகையாயிற்று. அமுதவள்ளி அம்மையாரைக் கட்டிக்கொண்டு, "எங்க பக்கமெல்லாம் இளைப்பாறிட்டாங்கன்னா போய்ச் சேர்ந்துட்டாங்கன்னுதான் அர்த்தம் ஆன்டி! எங்க ஊரு தெலுக் பங்லிமா காராங்ல எங்க அப்பாவுக்கு நோட்டீஸ்ல அப்படித்தான் போட்டோம். அங்கிள் போன எடுக்கலன்னு உங்க நம்பருக்கே அத்தன தடவ அடிச்சேன். நான் என் கையாலயே உங்களுக்கு வளையம் கட்டிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வீரசிங்கம் விலா நோகச் சிரித்தார். சிரித்து ஓய்ந்தபின், "அப்ப ஆண்டவர் இளைப்பாறுதல் தாறன் எண்டு கூப்பிட்டது எதுக்கு? எங்கடை ஆக்கள் சொல்லுற பென்சனுக்கோ, உங்கடை ஆக்கள் சொல்லுற சாவுக்கோ?" என்று விளையாட்டாய்க் கேட்டார்.

எல்லாரும் ஆயரை நோக்கினர். ஆயரும் நல்லதோர் அருளுரை ஆற்றும் ஆவலோடு நிமிர்ந்தார். வழக்கம் மாறாமல், அந்த வேளை பார்த்துக் கைப்பேசி ஒலித்தது.

"ஆர்?" என்றார் வீரசிங்கம்.

அலுவலக அழைப்பு என்பதை மறைத்துப் பொய் சொல்ல அம்மையாருக்கு இனிக் கூடவில்லை. "கந்தோராலை. இன்னும் ரெண்டு வருசம் வாறன் எண்டு தம்பி லோகனுக்குச் சொல்லிப்போட்டன்," என்றார்.

வீரசிங்கத்தின் முகத்திலிருந்த சிரிப்பு உடனே மறையவில்லை. மறைவது எப்படி என்று தெரியாமல் சிறிது நேரம் அங்கேயே தங்கியிருந்தது. "அப்பிடியோ… சரி. கப்பலுகளும் வரத்தானே வேணும்," என்றார். பிறகு எவரையும் நோக்காமல், "எல்லாருக்கும் தேத்தண்ணி வைப்பம்" என்று எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு அடுக்களைப் பக்கம் நடந்தார்.

அந்தக் கை தடவிச் சென்ற சுவரில், கிள்ளான் வீட்டிலிருந்து வந்த அந்தப் பழைய சட்டம் தொங்கியது. அறியாப் பருவந் தொட்டு உருப்போட்ட பொன்னெழுத்துகளை அம்மையார் அன்றுதான் படித்தார். வருக என்றுதான் அதில் இருந்தது. பணி முடித்தபின் வருக என்று இல்லை. உயிர் நீத்தபின் வருக என்றும் இல்லை. சுமப்பவரை, சுமந்துகொண்டிருக்கும்போதே, அந்தச் சுமையோடேயே ஒருவர் அழைத்துக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் ஒலித்த அந்த ஓர் அழைப்பைத் தவிர மற்றெல்லா அழைப்பையும் எடுத்துப் பேசியிருக்கிறோமே என்று எண்ணியபோது, படிக்கட்டில் வராத அழுகை இப்போது வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார்.

"ஆன்டி, காலைல பெரிய கப்பல் ஒண்ணு வருது. கொஞ்சம் சீக்கிரம் வந்துருங்க லா," என்றான் லோகன்.

"தம்பி, குறை நினைக்காதையும். சரி எண்டு சொன்னது என்ரை பிழை. என்னாலை வர ஏலாது. நான்…" என்று தொடங்கிய அம்மையார், கூடத்தில் இருந்த முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்தச் சொல்லைச் சொல்லி இன்னொரு மலர்வளையத்தை வரவழைக்க அவர் துணியவில்லை. "நான் வீட்டுக்கு வந்திட்டன்," என்று முடித்தார்.

அடுக்களையில் கிண்ணமொன்று உருண்டு விழும் ஓசை கேட்டது. அன்றைய தேநீரில் வீரசிங்கம் சீனிக்கு மாற்றாக உப்பைப் போட்டிருந்தார். எல்லாரும் அதனை வாய் பேசாமல் குடித்தார்கள்.

மலர்வளையத்தைக் கொண்டுபோய் எறிந்துவிடப் போவதாக அமுதவள்ளி சொன்னாள், வீரசிங்கம் இசையவில்லை. அவளே வளையத்தைப் பிரித்துப் பூக்களை நீரிலிட்டாள். சில நாள் அந்த வீட்டில் குவளை, குடம், தேநீர்க் கோப்பை என்று நீர் கொள்ளும் ஏனமெல்லாம் வெள்ளைப் பூவாய் இருந்தது. அம்மையார் அவற்றை நின்று நின்று மோந்தார்.

இத்துடன் துயர் தீர்ந்தது என்று முடித்துவிடலாம்தான், அது உண்மையாகாது. பணியை விடுவது எளிது, பரபரப்பை விடுவது அரிது. முதல் கிழமையிலேயே அம்மையார் அடுக்களையைத் துறைமுகமாக்கி, பருப்புக் கலங்களை ஏறுவன இறங்குவன என வகைப்படுத்தி, கணவரின் மருந்து வேளைகளைக் கப்பல் வரவு போல அறிவிக்கலானார். "நீர் வீட்டுக்குள்ளையும் கப்பல் ஓட்டுறீர்," என்றார் வீரசிங்கம். ஒலிக்காத கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டார் அம்மையார். ஓய்வு வந்துவிட்டது, இளைப்பாறுதல் வரவில்லை. அது பணியின் மறுகரையில் தானே காத்திருக்கும் பொருளன்று, ஒருவரிடம் போய்ப் பெறவேண்டிய கொடை என்பது அப்போதுதான் அவருக்கு மெல்ல விளங்கிற்று. விடியலில் சட்டத்தின் கீழே, ஒன்றும் கேளாமல் சும்மா அமர்ந்திருக்கப் பழகத் தொடங்கினார். சும்மா இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்பதை, எந்த வேலைக்கும் அஞ்சாத அவர் வியப்போடு கண்டறிந்தார்.

மழை ஓய்ந்த ஒரு மாலையில் இருவரும் தஞ்சோங் அராப்பான் கரையில் அமர்ந்தனர். மீன் பொரிக்கும் மணமும் பட்டம் விடுவோரின் ஆரவாரமும் காற்றில் கலந்து வர, தொலைவில் பெட்டகக் கப்பலொன்று அம்மையாரின் உதவியின்றியே கரை சேர்ந்துகொண்டிருந்தது. பழக்கத்தால் அவர் கை பையைத் துழாவியது. வீரசிங்கம் அந்தக் கையைப் பற்றித் தம் மடியில் வைத்துக்கொண்டார். ஞாயிறு கடலைத் தொட்டது. தம் உருவம் ஞாயிற்றைக் கணவரிடமிருந்து மறைக்குமோ என்று அஞ்சி அம்மையார் ஒதுங்கி அமர்ந்திருக்க, அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தம் சிறு பலகணியின் வழியே எதையோ தேடினார்.

"கொஞ்சம் இஞ்சாலை வந்து, எனக்கு நேரை இரும்."

"நான் முன்னாலை இருந்தா சூரியனை மறைச்சுப்போடுவனே?"

"சூரியன்தான் உம்மை மறைக்குது," என்றார் வீரசிங்கம்.

அம்மையார் எழுந்து, கடலுக்கு முதுகு காட்டி, அவர் எதிரே மணலில் அமர்ந்தார். எத்தனையோ ஆண்டுகளாய் இந்த மனிதர் ஏங்கியது கடற்கரைக்காக அன்று என்பது அவருக்கு அப்போது புரிந்தது. இத்தனை காலம் தமக்காகக் காத்திருந்தவர் இவர் ஒருவர் மட்டுமே அல்லர் என்பதும் புரிந்தது. உள்ளே எதுவோ, நெடும்பயணம் போய் வந்த கப்பல் நங்கூரமிடுவது போல, ஓசையின்றி அடங்கியது. பின்னால் ஞாயிறு இறங்குவதை அவர் அன்றும் காணவில்லை. கணவரின் முகத்தில் ஒளி மங்கி வருவதிலிருந்து அறிந்துகொண்டார்.

அந்தச் சிறு பலகணி ஒரு நாள் அடைபடும்; மருத்துவரும் அதனை மறைக்கவில்லை, அவர்களும் அதனை மறக்கவில்லை. இப்பள்ளத்தாக்கின் பளுதூக்கிகளும் தொடர்வண்டிகளும் நாளையும் ஓயப்போவதில்லை. நண்பரே, நீரும் நானும் அவற்றோடு ஓடத்தான் போகிறோம். ஓடும் வழியில் யாரேனும் நம்மைப் பெயர் சொல்லி அழைத்தால், வேலை முடியட்டும் என்று சொல்லாதிருப்போமாக. இருள் வந்து நெடுநேரம் கழிந்தும் அவ்விருவரும் எழவில்லை. போவோமா என்று ஒருவரும் கேட்கவில்லை.